மருமகன் ஆடலாம்

சிட்னியின் டூங்கபியில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தரைக்குச் சாம்பல் நிற ரைல்ஸ் எடுத்துத் தந்தவர், ஏழு நாடுகளில் பந்தடித்த ஒரு பொஸ்னியர். அப்பா அவரோடு இரண்டு வருடமாக ஒரு சொல் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் அவர் விற்ற ரைல்ஸின் மேல் ஏறி நின்றுதான் தேவாரம் பாடிக் குளித்தார். வீம்பு என்றால் முழுதாக இருக்க வேண்டும். தரையைக் கொத்திக் கிளப்பி எறிந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்களின் வீம்பு, வழுக்காத தரையைக் கண்டால் அதோடு நின்றுவிடும்.

அந்த மனிதர் எனக்கு அத்தான். அக்காவின் கணவர். தொழில், உதைபந்தாட்டம், முன்வரிசை வீரர், அதாவது கோல் அடிக்கவென்றே சம்பளம் வாங்குகிறவர். உடனே பெரிய காரையும் ஷாம்பு விளம்பரத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தொழிலில் பெரும்பாலானவர்கள் பெட்டி கட்டுகிறவர்கள். ஒரு கழகம் எடுக்கும், ஒரு வருடம் ஆடவிடும், பிறகு கழகத் தலைவரின் வியாபாரம் படுத்துவிடும், அடுத்த நாட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அத்தான் பத்தொன்பது வயதில், தொழிற்சாலை மூடிப்போன ஒரு சின்னப் பொஸ்னிய ஊரிலிருந்து கிளம்பினார். ஸ்லொவேனியா, ஒஸ்திரியா, அல்பேனியா, கசகஸ்தான், மலேசியா. கசகஸ்தானில் பயிற்சி மைதானத்தில் ஒரேயொரு சூடுகாட்டும் இயந்திரம் இருந்ததாம். அது தலைவரின் கதிரைக்குக் கீழே.

கடைசியில் சிட்னி. இங்கே மாநில லீக்கில் ஒரு கழகம், வெளிநாட்டு வீரருக்கென்று ஒதுக்கிய இடத்தில் அவரை எடுத்தது. தலைவருக்குச் செவன் ஹில்ஸில் ரைல்ஸ் கிட்டங்கி. வெளிநாட்டு வீரர்களுக்குப் பகலில் அங்கே வேலை, பின்னேரம் பயிற்சி. தொழில்முறை உதைபந்தாட்டம் என்று இதற்குத்தான் பெயர். காலையில் அன்ரிமாருக்குச் சமையலறைச் சுவருக்கு எந்த நிறம் எடுபடும் என்று விளங்கப்படுத்தி, மாலையில் இரண்டு தடியர்கள் முதுகில் இடிக்க இடிக்கத் தலையால் பந்தடிப்பது.

அவரை வீட்டில் முதலில் அறிந்தவள் நான். நான் அந்த லீக் பார்க்கிறவள். பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் இடது பக்கம் ஓடினவள். பந்து உருளும் இடமெல்லாம் போய் நிற்கிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அம்மாவோடும் அக்காவோடும் ரைல்ஸ் பார்க்கப் போன இடத்தில் அவர் அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு வர, நான் வாயைப் பிளந்தேன். யாரடி இவர் என்று அக்கா கேட்டா. நான் விடாமல் சொன்னேன். போன சனிக்கிழமை அடித்த கோல், அதற்கு முந்தின வாரம் தவறவிட்டது, எல்லாம். அக்கா மருந்தாராய்ச்சி செய்கிறவ. பந்து உருண்டையா சதுரமா என்று கேட்டால் ஆதாரம் கேட்பா. அந்த அக்காதான் அடுத்த சனிக்கிழமை என்னோடு மைதானத்துக்கு வந்தா. அதற்கடுத்த சனிக்கிழமை நான் இல்லாமலே போனா.

அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். கீழே ரசிகர்கள் எழுதியதை மொழிபெயர்த்தும் வாசித்தேன். ஒரு நாட்டில் அவரைக் கம்பம் என்றார்கள். இன்னொரு நாட்டில் வைக்கோற்போர். மலேசியாவில் தெருவிளக்கு. எல்லாருக்கும் ஒரே குறை: ஆள் ஓடுவதில்லை, நிற்கிறார். கண்ணில்லாத கூட்டம். நிற்கிறவனை எதிரணி மெல்ல மறந்துபோகும். மறந்த பிறகு அவர் ஒரேயொரு தரம் அசைவார். அந்த ஒரு தரத்துக்காகத்தான் முழு ஆட்டமும் நிற்பது. இதை விளங்கிக்கொள்ள மூளை வேண்டாம், பொறுமை போதும். ரசிகர்களிடம் அது இருந்தால் அவர்கள் ஏன் ரசிகர்களாக இருக்கிறார்கள்?

முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, ‘ஓகே மச்சான்’ என்றார். மலேசியாவில் கூட ஆடிய தமிழ்ப் பெடியள் சொல்லிக் கொடுத்த ஒரே சொல். மரியாதைக்குத்தான் சொன்னார். அப்பா கையை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனவர்தான். அன்றைக்குத் தொடங்கியது மௌனம். பதிவுத் திருமணத்துக்கும் வரவில்லை. அம்மா மட்டும் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு வந்து, ஓரமாய் நின்று அழுதுவிட்டு, பிரசாதத்துக்குப் பதிலாகக் கேக் துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினா.

அந்த நாட்களில் அப்பாவுக்குத் தூபம் போட்டவர் சங்கச் செயலாளர் அங்கிள். அப்பாவோடு ஊரில் ஒரே வகுப்பில் படித்தவர். ‘பந்தடிக்கிறவனுக்குப் பெட்டையைக் குடுத்துப்போட்டு, நாளைக்கு அவன்ரை கால் முறிஞ்சா என்ன செய்யப்போறீர்?’ என்று எங்கள் கதிரையில் இருந்து, எங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டவர். பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கோயில் கட்டடக் குழுவுக்கும் அவர்தான். எங்கள் ஆட்கள் பத்துச் சங்கம் வைத்தாலும் செயலாளர் ஒருவர்தான். பலகையை மட்டும் மாற்றுவார்கள்.

இந்தப் பழைய மாணவர் சங்கம் என்பது தனி நோய். யாழ்ப்பாணத்தில் ஒரே றோட்டில் இரண்டு பள்ளிக்கூடங்கள். நடுவில் ஒரு மதில். அந்த மதிலைத் தூக்கிக்கொண்டு வந்து சிட்னியில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு பக்கமும் மோதும் உதைபந்தாட்டக் கிண்ணம் ஒன்று உண்டு. முழங்கால் போன கணக்காளர்களும் பல்வைத்தியர்களும் ஊர்ப் பகையை ஓடித் தீர்க்கும் திருவிழா. எங்கள் பக்கம் வருடக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்தது. காரணம் சுலபம். அந்தப் பக்கத்தாருக்குப் பெடியன்கள் அதிகம், எங்கள் பக்கத்தாருக்குப் பெட்டைகள் அதிகம். யார் ஆடலாம் என்று கிண்ணத்தின் யாப்பில், அதாவது விதிப் புத்தகத்தில், இருக்கிறது: பழைய மாணவர், அவர்களுடைய ஆண் மக்கள், மருமகன்மார். பள்ளிக்கூட அணிக்கு இடது பின்வரிசையில் ஆடிய அப்பாவின் மகள் நான், அவருடைய இடது காலோடு பிறந்தவள், ஆட முடியாது. என்னைக் கட்டுகிறவன் ஆடலாம். அவன் பந்தைக் கண்டு பயந்து ஓடுகிறவனாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அங்கிள் மட்டன் ரோல்ஸ் பெட்டியோடு வந்தார். சும்மா வருகிறவர் இல்லையே என்று பார்த்தேன்.

‘மச்சான், உம்மட மருமகன் முன்னுக்கு ஆடுற ஆள்தானே?’ என்றார்.

‘எனக்கு மருமகன் எண்டு ஒருத்தரும் இல்லை.’

‘உமக்கு இல்லாட்டி என்ன, யாப்பின்படி இருக்கிறார்.’

நான் குறுக்கே போய், மகளும் ஆடலாம் என்று யாப்பில் எங்கேயாவது இருக்கிறதா அங்கிள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே, ‘பிள்ளை, நீ போய்த் தேத்தண்ணியைக் கொண்டு வா’ என்றார். நான் கொண்டுபோகவில்லை. அன்றைக்கு அவர் தொண்டை காய்ந்தபடிதான் போனார். என் கையால் முடிந்தது அவ்வளவுதான்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய ஒன்றும் சொல்லாமைக்கு எங்கள் வீட்டில் சம்மதம் என்று பொருள். பள்ளிக்கூடம் என்று வந்துவிட்டால் அவருக்கு மகளும் இல்லை, மானமும் இல்லை.

இரு பக்கமும் கூடிய கூட்டத்தில் அந்தப் பக்கத்தார் ஆட்சேபித்தார்கள். வெள்ளைக்காரன் என்றல்ல, தொழில்முறை வீரர் என்றுகூட அல்ல. பதிவு செய்தது கலியாணம் இல்லை என்பதுதான் ஆட்சேபம். தாலி கட்டாதவர் எப்படி மருமகன் ஆவார், நாளைக்கு ஆரையும் கூட்டிவந்து ஒரு கையெழுத்தை வைத்துவிட்டு இறக்குவீர்களோ என்று அந்தப் பக்கத்து அங்கிள் ஒருவர் எழும்பி நின்று கேட்டாராம். எங்கள் பக்கத்தாருக்கு இதற்குப் பதில் இல்லை. ஏனென்றால் இரண்டு வருடமாக அவர்களே எங்கள் வீட்டில் வந்து சொன்னதும் அதுதான். மதிலின் இரண்டு பக்கமும் ஒன்றுபட்ட ஒரே விசயம் அக்காவின் கலியாணம் கலியாணமே இல்லை என்பது.

செயலாளர் அங்கிள் கார் நிறுத்துமிடத்தில் வைத்துத் தீர்ப்புச் சொன்னார். தாலிதானே பிரச்சினை, கட்டிவிட்டால் போச்சு.

அக்கா இதைக் கேட்டுச் சிரித்தா. சிரித்துச் சிரித்து, கடைசியில் அது சிரிப்பா வேறொன்றா என்று தெரியாமல் போனது. மறுக்கத்தான் இருந்தா. அதற்குள் அம்மா அலுமாரியைத் திறந்து ஒரு கூறைச் சேலையை எடுத்து வைத்தா. இரண்டு வருடத்துக்கு முன்னமே வாங்கி, துணிகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த சேலை. அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றா.

நாள், நட்சத்திரம் எல்லாம் போட்டி அட்டவணையைப் பார்த்துக் குறிக்கப்பட்டது. கோயில் மண்டபத்தில் கலியாணம். அத்தானுக்குத் தலைப்பா பொருந்தவில்லை. தலையால் பந்தடித்த மண்டை, பெரிது. முன்வரிசையில் அந்தப் பக்கத்துச் சங்கத்தார் கண்காணிப்பாளர்களாக வந்து குந்தியிருந்தார்கள். தாலி ஏறியபோது எல்லாரும் அட்சதை போட்டார்கள். அவர்கள் முடிச்சு விழுகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டு, பிறகுதான் போட்டார்கள். அப்பா தாரை வார்த்தார். மாப்பிள்ளையோடு பேச வேண்டிய இடத்திலெல்லாம் ஐயரோடு பேசினார். ‘அவரைக் கையை நீட்டச் சொல்லுங்கோ.’ அத்தானின் அம்மா பொஸ்னியாவிலிருந்து என் போனில் பார்த்துக்கொண்டிருந்தா. இந்த மண்டபம் நிறைந்த சனம் எல்லாம் யார், கழகத்தின் ஆதரவாளர்களா என்று கேட்டா. ஓம் என்றேன். பொய் இல்லையே.

கலியாணம் முடிந்த கையோடு மெல்பேணிலிருந்து அழைப்பு வந்தது. இனித்தான் கதை.

மெல்பேணில் ஒரு பெரிய கழகம் அத்தானை இரண்டு வருடத்துக்குக் கேட்டது. முழுநேரம். ரைல்ஸ் கிடையாது. வயது முப்பத்து மூன்று; இந்த வயதில் ஒரு முன்வரிசை வீரருக்கு வருகிற கடைசிக் கதவு அது. அக்காவுக்கும் மெல்பேணிலேயே கிளேட்டன் பக்கம் ஆராய்ச்சி வேலை ஒன்று ஏற்கெனவே தலையாட்டிக்கொண்டிருந்தது. தடை ஒன்றுதான். சிட்னிக் கழகத்தோடு இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் மிச்சம் இருந்தது. ரைல்ஸ் தலைவர் விட்டுத் தருவதாக வாயால் சொல்லியிருந்தார். புதன்கிழமை கையெழுத்து. அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் ஆட்களின் கிண்ணம். ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருந்தது: வேறெங்கும் ஆடக்கூடாது.

கிண்ணத்தில் ஆடுகிற கதையை அக்கா ஒரே சொல்லில் முடித்தா: இல்லை. செயலாளர் அங்கிள் அக்காவின் வீட்டுக்கே போய்விட்டார். நானும் அங்கே இருந்தேன். ‘பிள்ளை, உங்களுக்குக் கலியாணம் செய்து வைச்சது ஆர்?’ என்று கேட்டார். கேட்டுவிட்டு, கண்கூடக் கூசவில்லை.

நான் வாயைத் திறக்க முன்னம் அத்தான் சொன்னார், தன் உடைந்த ஆங்கிலத்தில். ஒவ்வொரு நாட்டிலும் இப்படி ஒரு ஆட்டம் இருக்கும். ஓரிடத்தில் தலைவரின் மகனின் பிறந்தநாள். இன்னோரிடத்தில் பொலிஸ் அணி. கசகஸ்தானில் தோல் தொப்பி போட்டுக்கொண்டுகூட ஆடியிருக்கிறேன். ஆடாவிட்டால் அவர்கள் மறக்க மாட்டார்கள். ஆடினால் அடுத்த நாளே மறந்துவிடுவார்கள். ‘நான் நிற்பேன். எனக்கு நிற்கத் தெரியும்.’

நிபந்தனைகள் அக்காவுடையவை. அவர் ஓட மாட்டார், கோல் அடிக்க மாட்டார், ஒருவரும் படம் எடுக்கக்கூடாது, வீடியோ கூடவே கூடாது. செயலாளர் அங்கிள் கல்லூரியின் மேல் சத்தியம் செய்தார். அதைவிடப் பெரிய சாமி அவருக்கு இல்லை என்று நம்பினோம்.

அந்த ஞாயிறு செவன் ஹில்ஸ் மைதானத்தில் நல்ல வெயில், நல்ல குளிர். ரைல்ஸ் கிட்டங்கி இரண்டு தெரு தள்ளி, ஞாயிறு பூட்டு. ஒலிவாங்கியைப் பிடித்திருந்த அங்கிள் ஒருவர், வாழ்க்கையில் ஒரு நாளும் பேசாத செந்தமிழில் ‘பந்து வான்மார்க்கமாக விரைகின்றது’ என்று முழங்கிக்கொண்டிருந்தார். பந்து தரையில் கிடந்தது. ஆட்கள்தான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அப்பா குளிர்க்கோட்டுக்கு மேலே பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு எல்லைக் கோட்டோரமாக நின்றார்.

அத்தான் நின்றார். ஆகா, எப்படி நின்றார்! தரையில் பதித்த ரைல்ஸ் மாதிரி நின்றார். அவரைக் காக்க அந்தப் பக்கத்தார் ஒரு இதய வைத்தியரை விட்டிருந்தார்கள். மனிதர் முதல் பாதி முழுக்க அத்தானின் சட்டையைப் பிடித்துத் தொங்கினார். நிற்கிறவரைப் பிடித்து எவ்வளவு நேரம் தொங்குவது? இரண்டாம் பாதியில் களைத்து விட்டுவிட்டார். பந்து பக்கத்தால் போனால் அத்தான் வழிவிட்டார். கொர்னர் உதை வந்தால் குனிந்து சப்பாத்து நாடா கட்டினார். தொழிற்சுத்தம் என்றால் அதுதான். அந்த மைதானத்தில் வேலை தெரிந்து வேலை செய்த ஒரே ஆள் அவர்.

எங்கள் பக்கம் கொதித்தது. நேற்றுவரை மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று பல்லைக் காட்டிய வாய்கள்.

‘இவனோ புரொபெஷனல்? இவனிலும் பார்க்க என்ரை முழங்கால் ஓடும்.’

‘தாலி கட்ட எடுத்த வேகத்திலை பாதி காட்டச் சொல்லுங்கோவன்.’

‘இன்னும் வேட்டியோடை நிக்கிறன் எண்டு நினைச்சிட்டான் போலை.’

ஏழு நாட்டு ரசிகர்களும் ஒரே கொட்டகைக்குள் வந்து நின்று ரோல்ஸ் தின்கிற மாதிரி இருந்தது எனக்கு. இரு பக்கத்துக்கும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் கிண்ணம் போன வருடம் வென்ற அந்தப் பக்கத்தாரிடமே போகும். எனக்கு அது மெத்தச் சந்தோசம். அக்கா நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

முடியப்போகிற நேரம். எங்கள் பக்கத்துப் பல்வைத்தியர் ஒருவர் பந்தை வெளியே அடிக்கப் பார்த்து, கால் பிசகி, அது வளைந்து உள்ளே வந்தது. அத்தான் நின்ற இடத்துக்குப் பின்னால், சற்று உயரத்தில். எல்லாரும் அவரை மறந்திருந்த நேரம். இதய வைத்தியர் இடுப்பில் கைவைத்து நின்றார். அத்தான் பந்தைப் பார்த்தார். விட்டுவிடத்தான் இருந்தார், அது எனக்குத் தெரியும், அவருடைய தோள் அப்படித் தளர்ந்தது.

அப்போது கோட்டோரத்திலிருந்து அப்பா கத்தினார்.

‘அடி!’

ஒலிபெருக்கியை மீறிக் கேட்டது. அப்பா அவரிடம் நேரே சொன்ன முதல் சொல். அத்தானுக்கு அந்தத் தமிழ் தெரியாது. ஆனால் கழுத்து நரம்பு புடைக்க ஒருவர் கோட்டோரத்தில் நின்று கத்தினால் என்ன சொல்கிறார் என்று எந்த நாட்டு முன்வரிசைக்காரனுக்கும் விளங்கும். ஒரு காலை ஊன்றித் திரும்பினார். பந்து தரையைத் தொடவே இல்லை. கோல்காரர் கையைத் தூக்கியது பந்தைப் பிடிக்க அல்ல, முகத்தை மறைக்க. வலை ஒரு தரம் உப்பி அடங்கியது.

நான் துள்ளினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்தச் சங்கத்தின் கோலுக்கு நான் துள்ளினேன். தரையில் வந்து நின்ற பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். கொட்டகை முழுக்கக் கைகள் உயர்ந்திருந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு போன்.

அன்று பொழுது சாய முன்னமே வீடியோ சங்கத்தின் முகநூல் பக்கத்தில் ஏறிவிட்டது. ‘எங்கள் மருமகனின் மாயக் கோல்.’ கீழே அவருடைய கழகத்தின் பெயரையும் கோர்த்துவிட்டிருந்தார்கள், பெருமைக்கு. நான் செயலாளர் அங்கிளுக்குப் போன் போட்டுக் கேட்டேன், கல்லூரி மேல் செய்த சத்தியம் எங்கே என்று.

‘வீடியோ எடுத்தது நானில்லை பிள்ளை. போட்டதுதான் நான்.’

திங்கட்கிழமை ரைல்ஸ் தலைவர் அத்தானைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினார். இரண்டு தரம் காட்டினாராம். இரண்டாவது தரம் கோலை ரசிக்க என்று அத்தான் நினைக்கிறார். பிறகு சொன்னார்: வாய்ப்பேச்சு முடிந்தது, ஒப்பந்தம் இருக்கிறது, விட முடியாது. அடுத்த வருடம் இங்கே ரைல்ஸ் விற்கலாம், ஆட முடியாது, மாற்று வீரர்களின் வாங்கில் குந்தியிருக்கலாம். மெல்பேண்காரர்கள் வெள்ளிக்கிழமைவரை பொறுப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வேறு ஆள் இருக்கிறார்.

அக்கா அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், அப்பாவின் கதிரைக்கு முன்னால் நின்றா. அவ சத்தம் போடவில்லை.

‘அப்பா, ரெண்டு வருசத்திலை நீங்கள் அவரோடை கதைச்சது ஒரு சொல். அவர் உடனே செய்தார். இப்ப அவருக்கு விளையாட்டில்லை.’

அப்பா எழும்பிக் குளியலறைக்குப் போனார். தேவாரம் கேட்கவில்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது.

வியாழக்கிழமை அப்பா அதே கோட்டு, அதே கழுத்துப்பட்டியோடு ரைல்ஸ் கிட்டங்கிக்கு வெளிக்கிட்டார். கூட, செயலாளர் அங்கிள். இவர்கள் இருவரையும் தனியே விட்டால் மிச்சமிருக்கிற கொஞ்ச மானமும் போகும் என்று அக்கா சொன்னதால் காரை நான் ஓட்டினேன்.

ரைல்ஸ் தலைவர் கிழவர். மத்தியதரைக் கடல் பக்கத்து ஏதோ ஒரு தீவிலிருந்து இளவயதில் வந்தவர். கிட்டங்கியின் மூலையில் ஒரு சின்ன அலுவலகம். சுவரில் ஒரு பழைய படம்: மீசை வைத்த ஆண்கள் வரிசையாக, நடுவில் ஒரு பந்து. நான் வரும்போது ஒப்பந்தச் சட்டம், வீரரின் வயது, ஆட்டநேரம் என்று ஒரு முழு வாதம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவர் ஏன் ஆடினார் என்று கிழவர் கேட்டார். செயலாளர் அங்கிள் யாப்பைப் பற்றித் தொடங்க, அப்பா அவருடைய கையைத் தட்டி நிறுத்தினார்.

‘நான்தான் அடிக்கச் சொன்னேன்’ என்றார் ஆங்கிலத்தில். ‘நான் மாமனார்.’

கிழவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். கழுத்துப்பட்டியைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த படத்தைக் காட்டிச் சொன்னார். இந்தக் கழகம் தொடங்கியபோது இதுவும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தானாம். தங்கள் தீவில் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் மட்டும் ஆடுகிற அணி. கிழவரோ பக்கத்து ஊர். உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அந்த ஊரில் பெண் எடுத்த பிறகுதான் விட்டார்களாம். படத்தில் ஒரு மீசையைத் தொட்டார். அவருடைய மாமனார். ‘இவர் செத்துப்போகும்வரை நான் ஓடவில்லை என்றுதான் சொன்னார்.’

மூன்று கிழவர்களும் சிரித்தார்கள். எனக்கு எரிந்தது. ஒரு மனிதனின் கடைசி இரண்டு வருடம் மேசையில் கிடக்கிறது. சட்டமும் நியாயமும் என் வாய்க்குள் கிடக்கின்றன. இவர்கள் மாமனார்மாரைப் பற்றிச் சிரிக்கிறார்கள். உலகத்தில் மதில்கள் பலவாக இருக்கலாம், அவற்றின் மேல் குந்தியிருக்கும் அங்கிள்மார் ஒரே ஆட்கள்தான்.

ஆனால் கிழவர் வியாபாரி. சிரித்து முடிந்ததும் முகம் பழையபடி மூடிக்கொண்டது. உடனே செயலாளர் அங்கிள், மற்றப் பலகையை மாட்டிக்கொண்டார். கோயில் மண்டபத்துக் கழிவறைகளைத் திருத்தக் கட்டடக் குழு தீர்மானித்திருக்கிறது, ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும், ரைல்ஸ் எங்கே எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை என்றார். அப்படியொரு தீர்மானம் அந்த நிமிடம்வரை இல்லை. கிழவர் கல்குலேற்றரை எடுத்தார்.

இப்படித்தான் ஏழு நாட்டு முன்வரிசை வீரர் ஒருவரின் விடுதலை நடந்தது. ஏஜென்டும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. கழிவறைத் தரை. வெள்ளிக்கிழமை காலை விடுவிப்புக் கடிதம் மெல்பேணுக்குப் போனது, பின்னேரம் அத்தான் கையெழுத்து வைத்தார். கோயிலுக்குப் போனது, கிட்டங்கியில் விலைபோகாமல் கிடந்த அதே சாம்பல் நிறம். எங்கள் வீட்டில் இருப்பது. அத்தான்தான் தன் கடைசி நாள் வேலையாக அதை ஏற்றிவிட்டார்.

இப்போது செயலாளர் அங்கிள் போகிற இடமெல்லாம், தான்தான் அவரை மெல்பேணுக்கு அனுப்பி வைத்ததாகச் சொல்லித் திரிகிறார். கெடுத்த பங்கைக் கேட்டால் அவருக்கு ஞாபகம் இல்லை. இரண்டு பக்கமும் கூடி யாப்பையும் திருத்திவிட்டார்கள்: தொழில்முறை மருமக்கள் இனி ஆட முடியாது, ஆனால் அடித்த கோல் செல்லும். மகள்மாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் கேட்டேன். ‘நீ ஒரு கோல்காரனாப் பார்த்துக் கட்டு பிள்ளை, எங்களுக்கு அதுதான் குறையுது’ என்றார் செயலாளர் அங்கிள். கோயில் வாசல் என்பதால் தப்பினார்.

அக்காவும் அத்தானும் மெல்பேணுக்கு வெளிக்கிட்ட அன்று வீட்டு வாசலில் கார் நின்றது. அம்மா பின் ஆசனம் நிறைய மிளகாய்த்தூளும் ஊறுகாயும் அடுக்கினா. அப்பா படியில் நின்றுகொண்டு டயரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் அத்தானைப் பார்த்தார். ஏதோ வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. நன்றி வரும், மன்னிப்பு வரும், ஆகக் குறைந்தது ஒரு பயணம் சொல்லலாவது வரும் என்று அம்மா முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றா.

‘அங்கையெண்டாலும் கொஞ்சம் ஓடி விளையாடும்’ என்றார் அப்பா.

அக்கா மொழிபெயர்க்க மறுத்துவிட்டா. அத்தான் ஏழு நாட்டில் கேட்ட வசனம், மொழிபெயர்ப்பு தேவைப்பட்டிருக்காது.

‘ஓகே மச்சான்’ என்றார்.

இந்த முறை அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கார் திரும்பும்வரை நின்றுவிட்டு, உள்ளே போய்க் கதிரையில் இருந்து, மெல்பேண் ஆட்டங்களைப் போனில் எப்படிப் பார்ப்பது என்று என்னைக் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு முழுக்க அவருடைய சத்தம்தான். ஒரு நாலு அங்குலத் திரைக்குள் அத்தான் நிற்கிறார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு, ‘கம்பம் மாதிரி நிக்கிறான், கம்பம்’ என்று திட்டுகிறார்.